சிறு வெட்டில் இதய வால்வு அறுவை சிகிச்சை: எந்த வழி, யாருக்கு, ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வெட்டு என்றால் அறுவை சிகிச்சையே சிறியதா?

இல்லை. வெட்டுதான் சிறியது, உள்ளே நடக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. இதய-நுரையீரல் இயந்திரம் ரத்த ஓட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். பெருந்தமனியை அடைத்து, மருந்துக் கரைசல் செலுத்தி, இதயத்தை நிறுத்துவார்கள். நின்ற இதயத்தைத் திறந்து வால்வை ரிப்பேர் செய்வார்கள், முடியாவிட்டால் வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். பிறகு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, இதயத்தை மறுபடி துடிக்கவிடுவார்கள். முழு வெட்டிலும் இதேதான் நடக்கிறது.

மாறுவது மூன்று விஷயங்கள்: எலும்பு அறுபடுகிறதா, இயந்திரத்தின் குழாய்கள் எங்கிருந்து நுழைகின்றன, மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது. எந்த வழியை எடுத்தாலும் இந்த மூன்றைக் கேட்டால் போதும், அதன் நல்லதும் கெட்டதும் தெரிந்துவிடும். தழும்பின் நீளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

எத்தனை வழிகள் இருக்கின்றன?

நடைமுறையில் ஐந்து. முதலாவது முழு வெட்டு. கழுத்துக் குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கி மார்பெலும்பின் அடி நுனிவரை தோலில் ஏறத்தாழ 20 செ.மீ. வரும், எலும்பு நீளவாக்கில் முழுதாக இரண்டாகும். இரண்டாவது, அதே எலும்பின் மேல்பகுதியை மட்டும் அறுப்பது. தோலில் 6 முதல் 8 செ.மீ. இருக்கும். மூன்றாவது, எலும்பைத் தொடாமல் வலது முன்மார்பில் இரண்டாம் அல்லது மூன்றாம் விலா இடைவெளி வழியாகப் போவது, 5 முதல் 7 செ.மீ. நான்காவது, வலது பக்கவாட்டில் நான்காம் விலா இடைவெளி வழியாக, 4 முதல் 7 செ.மீ. ஐந்தாவது துளைகள் மட்டும்: ரோபோ கைகளுக்கு 8 மி.மீ. துளைகள், தையல் ஊசியும் வளையமும் போய்வர 2 முதல் 4 செ.மீ. அளவில் ஒரு வேலைத்துளை.

இரண்டும் மூன்றும் முக்கியமாகப் பெருந்தமனி வால்வுக்கு. நான்கும் ஐந்தும் மைட்ரல் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது), ட்ரைகஸ்பிட் (வலப்பக்கம் அதே இடத்திலுள்ளது) வால்வுகளுக்கு. மார்பெலும்பின் கீழ்ப்பாதியை மட்டும் அறுக்கும் முறையும் உண்டு, ஆனால் பெரியவர்களின் வால்வு அறுவையில் அதிகம் பார்க்க முடியாது.

கைவிடப்பட்ட ஒரு வழியையும் சொல்லிவிட வேண்டும். 1996இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் அறுவை மருத்துவர்கள் காஸ்குரோவும் சாபிக்கும் மார்பெலும்பின் வலது ஓரமாகவே இறங்கி, மூன்றாம் நான்காம் விலாக் குருத்தெலும்புகளை எடுத்துவிட்டுப் பெருந்தமனி வால்வை மாற்றிக் காட்டினார்கள். எலும்பு பிளக்காமல் உள்ளே போக முடியும் என்று நிரூபித்த முன்னோடி முறை அது. ஆனால் குருத்தெலும்பு போன இடத்தில் மார்புச்சுவர் தளர்ந்தது, சிலருக்கு மூச்சு விடும்போது நுரையீரல் தோலுக்கடியில் புடைத்தது. அதனால் அந்த வழி நீடிக்கவில்லை.

அப்படியானால் முழு வெட்டு பழைய முறையா? ஏன் இன்னும் செய்கிறார்கள்?

பழையது என்பதற்காக மோசம் என்று ஆகாது. நான்கு வால்வுகள், பெருந்தமனி, ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒரே வெட்டில் கைக்கு எட்டும். குழாய்களை இதயத்திலேயே நேராகப் போடலாம். எங்காவது ரத்தம் பீறிட்டால் விரலை வைத்து உடனே அடக்கலாம். பைபாஸும் வால்வும் சேர்ந்து செய்ய வேண்டியவர்கள், தொற்றால் வால்வைச் சுற்றிச் சீழ் கட்டியவர்கள், பெருந்தமனியின் வேரையே மாற்ற வேண்டியவர்கள் ஆகியோரில் பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான வழி.

இன்னொன்று: வால்வு அறுவையின் வரலாறு மார்பின் நடுவிலிருந்து தொடங்கவில்லை. 1948இல் சுருங்கிய மைட்ரல் வால்வை விரலால் விரித்தபோது விலா எலும்புகளுக்கு இடையில்தான் உள்ளே போனார்கள். நடு வெட்டு 1957க்குப் பிறகுதான் பரவலானது. பக்கவாட்டு வழி புதுமை அல்ல. புதுமை, அதைச் சிறிதாக்கியதில் இருக்கிறது.

பெருந்தமனி வால்வுக்குச் செய்யும் ‘ஜே’ வெட்டு எப்படி நடக்கிறது?

தோலில் கழுத்துக் குழிக்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கி நேராக இறங்குவார்கள். மார்பெலும்பை மேலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, மூன்றாம் அல்லது நான்காம் விலா இடைவெளியில் ரம்பத்தை வலப்பக்கம் திருப்புவார்கள். அறுத்த கோடு ஆங்கில ‘ஜே’ எழுத்துபோல் தெரியும், அதனால் அந்தப் பெயர். கீழ்ப்பாதி எலும்பு ஒட்டியே இருப்பதால் விலாக்கூடு இரண்டாக அசையாது.

சிக்கல் அந்தத் திருப்பத்தில்தான். மார்பெலும்பின் ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. அளவு தள்ளி உள்மார்புத் தமனி ஓடுகிறது. ரம்பம் விலா இடைவெளியில் முடியாமல் குருத்தெலும்புக்குள் ஏறினாலோ, கொஞ்சம் அதிகம் போனாலோ தமனி கிழியும், இல்லையென்றால் எலும்பு குறுக்காக உடையும். அறுவை முடிந்து மார்பை மூடும் முன் அந்த மூலையை மறுபடி பார்க்கும் பழக்கம் இதனால் வந்ததுதான். ரத்தம் கசிந்து மீண்டும் திறக்க நேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

குழாய் போடுவதில் இந்த வழிக்கு ஒரு வசதி உண்டு. பெருந்தமனியும் வலது மேலறையின் நுனியும் கண்ணெதிரே இருப்பதால் தொடைக்குப் போகாமலே இயந்திரத்தில் இணைக்கலாம். வசதிக்குறைவும் உண்டு: இதயத்தின் அடிப்பகுதி கைக்கு எட்டாது. அதனால் தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பியை, இதயம் காலியாக, துடிக்காமல் இருக்கும்போதே, அதாவது பெருந்தமனியை அடைத்த கிளாம்பை (கவ்வியை) எடுக்கும் முன்பே, வலது கீழறையில் தைத்துவிட வேண்டும். ரத்தம் நிரம்பித் துடிக்கத் தொடங்கிய பிறகு தைக்கப் போனால் கீழறைச் சுவர் கிழியலாம். டிரெயின் குழாயையும் அதே நேரத்தில் வைத்துவிடுவது நல்லது. உள்ளே துடுப்பு வைத்து மின்அதிர்ச்சி கொடுக்க இடமில்லை, ஆகவே முதுகிலும் மார்பிலும் ஒட்டுப் பட்டைகள் மயக்கம் கொடுக்கும்போதே ஒட்டப்பட்டிருக்கும்.

மூடும்போது மூன்று நான்கு எஃகுக் கம்பிகள் போதும். முழு வெட்டுக்கு ஆறு முதல் எட்டு வரை ஆகும்.

எலும்பே அறுக்காமல் வலது முன்மார்பு வழியாகச் செய்வது எல்லோருக்கும் முடியுமா?

முடியாது. முடியுமா என்பதைச் சிடி ஸ்கேன் சொல்லிவிடும். நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் மட்டத்தில் சிடி படத்தைப் பார்ப்பார்கள். மேலேறும் பெருந்தமனியின் பாதிக்கு மேல், மார்பெலும்பின் வலது ஓரத்தைத் தாண்டி வலப்பக்கம் இருக்க வேண்டும். பெருந்தமனிக்கும் மார்பெலும்புக்கும் உள்ள ஆழம் 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பெருந்தமனி சாயும் கோணம் 45 டிகிரிக்கு மேல் இருந்தால் இன்னும் வசதி. பெருந்தமனி இடப்பக்கமாக ஒதுங்கி, எலும்புக்கு நேர் பின்னால் இருப்பவருக்கு இந்த வழியில் முயன்றால், வால்வு தெரியாமல் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் நேரம் போகும்.

வெட்டின்போது உள்மார்புத் தமனியையும் சிரையையும் கட்டி வெட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். இடம் போதாவிட்டால் மூன்றாம் விலாவின் குருத்தெலும்பை மார்பெலும்பிலிருந்து பிரித்து, கடைசியில் திரும்பப் பொருத்தித் தைப்பார்கள். அந்தப் பொருத்தல் தளர்ந்தால் நுரையீரல் பிதுங்கும். இருமும்போது மார்பின் முன்னே மெத்தென்று ஒன்று எழுந்து அடங்குகிறது என்று நோயாளி சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆழமும் ஒரு பிரச்சினைதான். வால்வை உட்கார வைக்க 12 முதல் 16 தையல்கள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு முடிச்சு. விரல் போகாத ஆழத்தில் முடிச்சுத் தள்ளும் கருவியால் ஒவ்வொன்றாக இறக்கினால் இதயம் நின்றிருக்கும் நேரம் நீளும். முடிச்சுக்குப் பதில் டைட்டேனியக் கிளிப்பால் நெரிக்கும் கருவி இதனால்தான் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று தையலிலோ தையலே இல்லாமலோ விரிந்து உட்காரும் வால்வுகளும் உண்டு. அவை நேரத்தைக் குறைக்கும், ஆனால் நிரந்தரப் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு சாதாரணமாகத் தைக்கும் வால்வைவிட அவற்றில் அதிகம். வெட்டைச் சிறிதாக்குவதற்காகவே வால்வின் வகையை மாற்றுவதாக இருந்தால் அதை நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டில் எது மேல்?

‘ஜே’ வெட்டு பெரும்பாலோருக்குப் பொருந்தும், கற்றுக்கொள்ள எளிது, எதிர்பாராதது நடந்தால் ரம்பத்தைக் கீழே ஓட்டி முழு வெட்டாக்க ஓரிரு நிமிடம் போதும். முன்மார்பு வழி எலும்பை முழுதாக விட்டுவைக்கிறது, பொருத்தமான உடலமைப்பு உள்ளவர்கள் கைகளை ஊன்றி எழுந்திருப்பது சீக்கிரமாகிறது. ஆனால் நெருக்கடியில் அதே வெட்டை நீட்டி இதயம் முழுவதையும் எட்ட முடியாது, நடுவில் புதிதாகத் திறக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முன்மார்பு அறுவை செய்யும் குழு அல்ல என்றால் ‘ஜே’ வெட்டையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் என்பது எங்கள் கணிப்பு.

மைட்ரல் வால்வுக்கு வலது பக்கவாட்டு வழி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

மைட்ரல் வால்வு வலப்பக்கம் பார்த்து அமைந்திருப்பதுதான் காரணம். முழு வெட்டில் இதயத்தைத் தூக்கித் திருப்பித்தான் அதைப் பார்க்க முடியும். வலது பக்கத்திலிருந்து போனால் வால்வு நேருக்கு நேர் தெரியும். காமிராவும் சேர்ந்தால் வால்வின் இதழ், நாண், அதன் கீழே உள்ள தசை முளைகள் எல்லாம் திரையில் பெரிதாக விரியும். இங்கே வெட்டு சிறுத்தும் பார்வை கெடுவதில்லை என்பது அபூர்வமான சலுகை.

வரிசை இப்படி இருக்கும்:

வலது தோளுக்கும் இடுப்புக்கும் கீழே அண்டை கொடுத்து உடம்பை ஏறத்தாழ 30 டிகிரி உயர்த்துவார்கள். இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனியாகக் காற்று போகும்படி மூச்சுக்குழாயில் இரட்டைக் குழாய் போட்டு, தேவைப்படும்போது வலது நுரையீரலைச் சுருங்கவிடுவார்கள். பெண்களுக்கு மார்பகத்தின் கீழ் மடிப்பில் வெட்டு, ஆண்களுக்கு முலைக்காம்புக்குக் கீழே அல்லது அதன் கருவட்டத்தின் ஓரத்திலேயே. நான்காம் விலா இடைவெளியில் உள்ளே நுழைந்து, மென்மையான ரப்பர்ச் சட்டத்தால் தசையை விலக்குவார்கள். விலாவை இரும்பு விரிப்பானால் அகட்டுவதைத் தவிர்த்தால் பிற்கால வலி குறையும். காமிராவுக்கு ஒரு துளை, கிளாம்புக்கு ஒரு துளை, மேலறையைத் தூக்கிப் பிடிக்கும் தகட்டுக்கு மார்பெலும்பின் ஓரத்தில் ஒரு துளை. இந்தக் கடைசித் துளையும் உள்மார்புத் தமனிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. தமனியை ஒதுக்கித் துளைக்காவிட்டால், எல்லாம் முடிந்து தகட்டை எடுத்தபின் சொட்டத் தொடங்கும்.

உதரவிதானம் மேலேறி மறைத்தால் அதில் ஒரு தையல் போட்டு, தோல் வழியாக வெளியே இழுத்துக் கட்டுவார்கள். இதய உறையை, உதரவிதான நரம்புக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னால் திறக்க வேண்டும். நரம்பிலிருந்து அந்த இடைவெளி இல்லாவிட்டாலோ, உறையின் ஓரத்தை முரட்டுத்தனமாக இழுத்தாலோ வலது உதரவிதானம் செயலிழக்கும், மூச்சுத்திணறல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் வலது குமிழ் உயர்ந்து நிற்பது அதன் அடையாளம்.

பிறகு கிளாம்ப், கார்டியோப்ளீஜியா (இதயத்தை நிறுத்தும் கரைசல்). அடிக்கடி கரைசல் கொடுக்க இங்கே கை நீட்டுவது சிரமம், ஆகவே நெடுநேரம் தாங்கும் கரைசலைப் பலர் விரும்புகிறார்கள். கஸ்டோடியால் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மி.லி. வீதம், ஆறேழு நிமிடமாக, ஒரே தடவை. இரண்டு மணி நேரம் அளவுக்கு நிம்மதி. அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதை மயக்க மருத்துவர் எதிர்பார்த்திருப்பார்.

இரண்டு மேலறைகளும் சேரும் பள்ளத்தின் ஓரமாக இடது மேலறையைத் திறந்து ரிப்பேர் நடக்கும்: அறுந்த நாணுக்குப் பதில் கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூல், விரிந்த வளையத்தைச் சுருக்க ஒரு செயற்கை வளையம். கடைசியில் உணவுக்குழாய் எக்கோவில் (உணவுக்குழாய்க்குள் கருவியை விட்டு எடுக்கும் இதய ஸ்கேன்) கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை விலக்குவார்கள்.

மார்பில் சிறு வெட்டு என்றார்கள். தொடை இடுக்கில் ஏன் இன்னொன்று?

மார்பிலிருந்து எடுத்த குழாய்களை வேறெங்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்? ஓய்வில் ஓடும் ரத்தம் முழுவதையும் இயந்திரம் ஓட்ட வேண்டும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 முதல் 2.4 லிட்டர், அதாவது நடுத்தர உடல்வாகுள்ளவருக்கு நிமிடத்துக்கு நான்கு லிட்டர் அளவு. அதற்கு ஏற்ற பருமன் தேவை. தொடைச் சிரையில் 22 முதல் 25 பிரெஞ்ச் குழாய் (மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர், ஆக ஏழெட்டு மி.மீ. பருமன்) வலது மேலறைவரை ஏறும். தொடைத் தமனியில் 15 முதல் 19 பிரெஞ்ச். சிரைக்குழாய் நீளமாக, ஒடுக்கமாக இருப்பதால் ரத்தம் தானாக வடிந்தால் போதாது, இயந்திரத்தில் மெல்லிய உறிஞ்சல் சேர்ப்பார்கள். ட்ரைகஸ்பிட் வால்வும் செய்ய வேண்டுமென்றால் கழுத்துச் சிரையில் இன்னொரு குழாய் வரும்.

இந்தக் கட்டத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். தமனிக்குள் முதலில் போவது குழாய் அல்ல, மெல்லிய வழிகாட்டிக் கம்பி. அந்தக் கம்பி இறங்கும் பெருந்தமனியின் உள்ளே பளிச்சென்று தெரிவதை உணவுக்குழாய் எக்கோவில் கண்ணால் பார்க்காமல் குழாயை நுழைக்கக் கூடாது. கம்பி தமனிச் சுவரின் அடுக்குக்குள் நுழைந்திருந்து, அது தெரியாமல் இயந்திரத்தை ஓட்டினால், நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ரத்தமும் சுவரைப் பிளந்துகொண்டு இதயம் வரை ஏறும். அரிதானது, ஆனால் சிறு வெட்டு அறுவையின் மிக மோசமான விபத்து இதுதான்.

அறுவைக்கு முன் கழுத்திலிருந்து தொடைவரை சிடி எடுக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. தமனியின் விட்டம், வளைவு, சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் எல்லாம் அதில் தெரியும். தொடையிலிருந்து ஏற்றும்போது ரத்தம் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. பெருந்தமனியில் படிவுகள் உதிரும் நிலையில் இருந்தால் அவை மூளைக்குப் போகும். அப்படிப்பட்டவருக்கு அக்குளுக்கு அருகிலுள்ள தமனி வழியாகவோ, நேராகப் பெருந்தமனியிலோ ரத்தத்தைச் செலுத்தும் வழியைத் தேர்ந்தெடுப்பார்கள், இல்லையென்றால் முழு வெட்டு.

தமனி ஒடுங்கியிருந்தால் குழாய் அதை முழுதாக அடைத்து, கால் ரத்தமின்றிப் போகலாம். நேரம் நீளும் அறுவைகளில் கீழ்க்காலுக்கு ஒரு சின்னக் குழாய் தனியாகப் போடுவது இதனால்தான்.

பெருந்தமனியை எப்படி அடைக்கிறார்கள்? பலூன் நல்லதா, கிளாம்ப் நல்லதா?

இரண்டு வழி. மார்புச்சுவர் வழியாக நீண்ட கிளாம்பை விட்டு வெளியிலிருந்து கவ்வுவது ஒன்று. தொடை வழியாக ஏற்றிய குழாயின் நுனியில் பலூனை ஊதி உள்ளிருந்து அடைப்பது இன்னொன்று. கிளாம்ப் எளிது, செலவும் குறைவு. கவ்வும்போது அதன் பின்தாடை நுரையீரல் தமனியையோ இடது மேலறையின் காது போன்ற நீட்சியையோ கடிக்காமல் பார்க்க வேண்டும்.

பலூன் இடம் மாறும். மேலே நகர்ந்தால் வலது கைக்கும் மூளைக்கும் போகும் தமனியின் வாயை மூடிவிடும். அதனால் இரண்டு மணிக்கட்டிலும் ரத்த அழுத்தம் அளக்கிறார்கள். வலது கை அலை மட்டும் திடீரென்று தட்டையானால் பலூன் நகர்ந்துவிட்டது என்று பொருள். பெருந்தமனி 4 செ.மீ.க்கு மேல் விரிந்தவர்களுக்குப் பலூன் ஒத்துவராது. முன்பே ஒருமுறை திறந்து, பெருந்தமனியைச் சுற்றித் திசுக்கள் ஒட்டிப்போனவர்களுக்குப் பலூன் கைகொடுக்கும்.

ரோபோ செய்தால் இன்னும் பாதுகாப்பா?

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை இயக்குகிறார். கிடைக்கும் லாபம், முப்பரிமாணக் காட்சியும் மார்புக்குள் மணிக்கட்டு போல் மடங்கும் கருவி நுனிகளும். டா வின்சி என்ற ரோபோவின் முன்மாதிரியால் மைட்ரல் ரிப்பேரை 1998இல் பாரிஸில் இதய அறுவை மருத்துவர் கார்பாண்டியே செய்தார். 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மைட்ரல் ரிப்பேருக்கு அனுமதி தந்தது. தொடைக் குழாய், பெருந்தமனி அடைப்பு, அவற்றின் அபாயங்கள் எல்லாம் பக்கவாட்டு வழியில் உள்ளவையேதான். தொடு உணர்வு குறைவு: நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கையால் அல்ல, கண்ணால் கணிக்க வேண்டும். பழகிய குழுவிடம் அருமையான கருவி. புதிதாக வாங்கிய இடத்தில் முதல் சில பேரில் ஒருவராக இருக்க அவசரப்பட வேண்டியதில்லை.

யாருக்குப் பக்கவாட்டு வழி ஒத்துவராது?

பெருந்தமனி வால்வு மிதமாகவோ அதிகமாகவோ கசிபவர்களுக்கு மைட்ரல் அறுவையை இந்த வழியில் செய்வது கடினம். கரைசல் இதயத் தமனிகளுக்குள் போகாமல் கசிந்த வால்வு வழியாகக் கீழறையில் இறங்கி அதை உப்பவைக்கும். வலது நுரையீரல் மார்புச்சுவரோடு ஒட்டியவர்கள், ஒற்றை நுரையீரலில் மூச்சுத் தாங்காதவர்கள், தொடை-வயிற்றுத் தமனிகள் கெட்டவர்கள், மைட்ரல் வளையம் முழுவதும் சுண்ணாம்பு படிந்தவர்கள், நெஞ்சு மிகவும் குழிந்து இதயம் இடப்பக்கம் தள்ளப்பட்டவர்கள், பைபாஸும் சேர்ந்து தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கும் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

உடல் பருமன் தடை என்று பலர் நினைக்கிறார்கள். தடை அல்ல. பருமனானவர்களுக்கு நடு எலும்பு கூடாமல் போவதும் தொற்றுவதும் அதிகம், அதனால் அவர்களுக்கே பக்கவாட்டு வழி கூடுதலாக உதவலாம். ஆனால் தொடை இடுக்கு வெட்டு அவர்களுக்கு ஈரமாகி ஆறாமல் இழுக்கும். வெட்டாமல் ஊசித்துளை வழியாகக் குழாய் போட்டு, மூடும் கருவியால் அடைப்பது இந்தத் தொல்லையைக் குறைக்கிறது.

ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சைத் திறந்தவருக்கு?

இங்கே பக்கவாட்டு வழிக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய நடு வெட்டுக்குப் பின் இதயம் எலும்போடு ஒட்டியிருக்கும், மறுபடி ரம்பம் வைப்பது அபாயம். பைபாஸ் செய்த குழாய் எலும்புக்கு அடியில் ஓடினால் இன்னும் மோசம். மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகளை வலப்பக்கத்திலிருந்து அணுகினால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம். ஒட்டுக்களைப் பிரிக்காமல், கிளாம்ப் போடாமல், குளிரவைத்து இதயத்தை நடுங்கவிட்டே வேலையை முடிப்பதும் உண்டு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விளம்பரங்கள் சொல்வதைவிட அடக்கமாகத்தான் சொல்கின்றன. பிரிட்டனில் 330 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, மைட்ரல் ரிப்பேரை முழு வெட்டிலும் பக்கவாட்டு வெட்டிலும் ஒப்பிட்டார்கள். முடிவு 2023இல் வந்தது. 12 வாரத்தில் உடல் இயக்கத் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஆஸ்பத்திரியில் தங்கியது சிறு வெட்டில் 5 நாள், முழு வெட்டில் 6 நாள் (இடைநிலை மதிப்பு). ரிப்பேரின் தரமும் ஓராண்டுப் பாதுகாப்பும் சமம். செய்தவர்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பெருந்தமனி வால்வுக்கு, மார்பெலும்பின் மேல்நுனியை மட்டும் அறுக்கும் 5-7 செ.மீ. வெட்டை முழு வெட்டோடு 270 பேரில் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. ரத்தம் ஏற்ற வேண்டியவர்களின் விகிதம் குறையவில்லை.

பக்கவாட்டு மைட்ரல் அறுவை கைவசமாக எத்தனை செய்ய வேண்டும் என்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆராய்ந்தார்கள். ஒரு மருத்துவருக்கு 75 முதல் 125 அறுவைகள், அதன்பின் வாரம் ஒன்றுக்குமேல் செய்துகொண்டிருந்தால்தான் கை பழுதாகாது என்பது கண்டது. தழும்பைப் பற்றிய எந்தக் கேள்வியையும்விட இந்த எண்ணைக் கேட்பது முக்கியம்.

சிறு வெட்டில் வலி குறைவா?

எப்போதும் அல்ல. விலா இடுக்கில் நரம்பு ஓடுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் பக்கவாட்டு வெட்டு நடு வெட்டைவிட அதிகமாகக்கூட வலிக்கலாம், அதன்பின் விரைவாக இறங்கும். விலாவை அதிகம் அகட்டினால் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் மாதக்கணக்கில் நிற்கும். மயக்கத்திலிருந்து எழும் முன்பே நரம்பு மரப்பு ஊசி போடுவது இதற்கு நல்ல மருந்து. வலிக்குப் பயந்து இருமாமல், ஆழ்ந்து மூச்சு விடாமல் இருந்தால் சுருங்கியிருந்த வலது நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும்.

வீட்டுக்குப் போனபின் எப்போது எதைச் செய்யலாம்?

எலும்பு அறுபட்டிருந்தால், முழுதாகவோ பாதியாகவோ, ஆறு முதல் எட்டு வாரம் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இழுக்கவும் தள்ளவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. ‘ஜே’ வெட்டுக்காரர்கள் “எனக்குச் சின்ன வெட்டுதானே” என்று இரண்டாம் வாரமே தண்ணீர்க்குடம் தூக்குவது வழக்கமான தவறு. அறுத்த பகுதி அறுத்ததுதான், அது கூட அதே காலம் ஆகும். பக்கவாட்டு வழியில் எலும்பு கூட வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான வேலைகள் முடியும். வண்டி ஓட்ட, தூக்கம் தரும் வலி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், பிரேக்கை அழுத்தும்போது தொடை இடுக்கு வலிக்கக் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைக்கும் வெட்டுக்கும் சம்பந்தமில்லை. அது போட்ட வால்வையும் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பொறுத்தது.

பாதியில் முழு வெட்டாக மாற்றினால் அது தோல்வியா?

இல்லை. ரத்தக்கசிவை அடக்க முடியாதபோதும், வால்வு சரியாகத் தெரியாதபோதும் மாற்றுவதே சரி. மாற்ற வேண்டிய நேரத்தில் தயங்குவதுதான் ஆபத்து. அதனால்தான் சிறு வெட்டுக்குப் போகும் எல்லோரிடமும் முழு வெட்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்குகிறார்கள். மார்பு முழுவதும் மருந்து பூசித் தயாராக வைத்திருப்பதும், ரம்பம் மேசையில் இருப்பதும் இதற்காகத்தான்.

வெட்டே இல்லாமல் தொடை வழியாக வால்வு வைக்கிறார்களே?

அது டாவி. பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்களுக்கு, அறுவை அபாயம் அதிகமானவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. 2020இன் அமெரிக்க வழிகாட்டுதலில் 65 வயதுக்குக் கீழே அறுவை, 80க்கு மேல் டாவி, நடுவில் கலந்து பேசி முடிவு. ஆகவே 60 வயதுக்காரருக்கு உண்மையான போட்டி முழு வெட்டுக்கும் சிறு வெட்டுக்கும் இடையில், 75 வயதுக்காரருக்குச் சிறு வெட்டுக்கும் டாவிக்கும் இடையில்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும்?

நடு வெட்டுக்காரர்: இருமும்போது எலும்பு ‘டிக்’ என்று நகர்கிற உணர்வு, தையலிலிருந்து சீழ், காய்ச்சல். பக்கவாட்டு வெட்டுக்காரர்: படுத்தால் அதிகமாகும் மூச்சுத்திணறல், மார்பில் புதிதாகப் புடைப்பு. தொடையில் குழாய் போட்டவர்கள் தினமும் குளிக்கும்போது இடுக்கைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வலியில்லாமல் மெத்தென்று வீங்கித் தெளிந்த நீர் கசிந்தால் அது நிணநீர்த் தேக்கம், அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். துடிக்கிற வீக்கம், கால் குளிர்ந்து வெளுப்பது, நடந்தால் கெண்டைக்கால் இறுகுவது ஆகியவை தமனிக் கோளாறு. அன்றே போக வேண்டும். பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, கை ஓங்க முடியாமை என்றால் வெட்டைப் பற்றி யோசிக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.